கை நனைக்காத தாய்மாமன்

மருதப்பன் கூஜாவோடு வந்து நின்றதைப் பார்த்ததுமே பேச்சித்தாய்க்கு எரிச்சல் மூண்டது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கோவில்பட்டி வண்டி உறுமிக்கொண்டிருந்தது. சலவை மடிப்புக் கலையாத வேட்டி சட்டை, தோளில் சரிகைத் துண்டு, ஒரு கையில் முறுக்குப் பை, மற்றக் கையில் மூடி திருகிய பித்தளைக் கூஜா. அண்ணன் என்னமோ காசிக்குப் புறப்பட்டவர் போல நின்றார். கூஜாவில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, அவருக்குத்தான் வாய் இருக்கிறதே.

"நம்ம கெணத்துத் தண்ணி. போற எடத்துல பச்சத்தண்ணி தொட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், பொறவு கொற சொல்லப்பிடாது."

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், சம்பந்தம் பிடித்துப்போகிற வரைக்கும் அங்கே வாயில் ஒன்றும் போடமாட்டார்கள். சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் பெண்ணைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அதிலும் தாய்மாமன் கை நனைத்துவிட்டால் அதற்கு மேல் அப்பீலே கிடையாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் மருதப்பனைப் போல அதைக் கட்டிக்கொண்டு அழுதவர் யாரும் இல்லை. பனவடலிசத்திரத்தில் ஒரு குடும்பம், மாப்பிள்ளை வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்து பேச்சு மாறியது. இவர் பஸ் ஏறிப்போய் அவர்கள் வாசலில் நின்று, "தின்ன சோத்தக் கக்கிட்டுப் பேசுங்க வே" என்று ஊரைக் கூட்டினார். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அதற்குப் பிறகு ஒருத்தனும் வரவில்லை. அந்தக் கதையை இவர் இன்றைக்கும் பொங்கல் வைத்த மாதிரிச் சந்தோஷமாகச் சொல்லுவார்.

மகள் ஞானசெல்விக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க அந்த மனிதரைக் கூப்பிட்டுக்கொண்டு போவதில் பேச்சித்தாய்க்கு ஒரு துளி இஷ்டமும் இல்லை. ஆனால் புருஷன் இல்லாத வீடு. பெண்ணின் தாய்மாமன் தலையசைக்காமல் ஒரு சம்பந்தமும் நகராது. அவரோ தலையசைக்கிற ஆள் இல்லை. ஏனென்றால் கரிவலம்வந்தநல்லூரில் அவர் வீட்டில் வேல்சாமி என்று ஒரு பிள்ளை இருந்தான். அப்பன் வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினால் அவனுக்கு வேறு வேலை தெரியாது. சங்கரன்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வந்து வண்டியை உறும விட்டுக்கொண்டு நிற்பான். முறைப் பையன் என்ற உரிமையில் ஒருநாள் வீட்டுக்குள் நேராக வந்து, ஞானசெல்வி தைத்துக்கொண்டிருந்த மெஷினைக் காலால் ஒரு உதை விட்டான்.

"கண்டவளுக்கும் ரவிக்கை தைக்கிற எளவெல்லாம் நம்ம வீட்ல நடக்காது. கல்யாணம் முடிஞ்ச அன்னிக்கே இதக் கெணத்துல தூக்கிப் போட்டுருவேன்."

அப்பா செத்த பிறகு அந்த மெஷின்தான் அந்த வீட்டில் உலை வைத்தது. ஞானசெல்வி அன்றைக்கு அழவில்லை. மெஷின் சக்கரத்திலிருந்து கழன்ற வாரைத் திரும்ப மாட்டிவிட்டு, "எம்மா, நீ என்னைய எங்கன வேணும்னாலும் குடு. மாமா வீட்டுக்கு மட்டும் அனுப்பாத" என்றாள். பேச்சித்தாயின் நெஞ்சில் அது முள்ளாகக் கிடந்தது.

துரைப்பாண்டியின் சம்பந்தம் வந்தது அதற்குப் பிறகுதான். இளையரசனேந்தல் பக்கத்துக் குடும்பம். மழை பொய்த்த ஒரு வருஷத்தில் அவன் அப்பா தூத்துக்குடிக்குப் போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பையன் படகு வேலை கற்றுக்கொண்டான். இப்போது சொந்தமாக ஒரு மோட்டார் படகு வைத்திருந்தான். புதுத் துறைமுகம் வந்தபின், முன்பு படகில் போன சரக்கெல்லாம் கிரேனுக்குப் போய்விட்டது. அதனால் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு அரிசி, காய்கறி கொண்டுபோவான். லீவு நாளில் எதிரே இருக்கிற தீவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய்ச் சுற்றிக் காட்டிக் கொண்டுவருவான். பெண் பார்க்க வந்தபோது அவன் ஞானசெல்வியைப் பார்த்ததைவிட மெஷினைப் பார்த்ததுதான் அதிகம். "படகுக்கு மேல தார்ப்பாய் கிழிஞ்சு கெடக்கு. இந்த மெஷின் தாங்குமா?" என்று கேட்டான். உள்ளே இருந்து, "ஊசி மாத்துனா தாங்கும்" என்று பதில் வந்தது. பேச்சித்தாய்க்கு அதிலேயே மனசு நிறைந்துவிட்டது.

மருதப்பனுக்கு மட்டும் பஸ் கோவில்பட்டி போய்ச் சேருகிறவரைக்கும் வாய் மூடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆறுமுகச்சாமி, பேச்சித்தாயின் புருஷனுடைய அண்ணன். வெற்றிலையை மெல்லுவதோடு சரி, பேச்சுக் கிடையாது. அது மருதப்பனுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

"கேட்டியளா மச்சான், நாலு ஏக்கர் கரிசக்காடு வச்சிருக்கவன்ட்டப் பொண்ணக் குடுத்தா ஒரு மரியாத. இவன்ட்ட என்ன இருக்கு? தண்ணி. உப்புத் தண்ணி. அதுல ஒரு வெள்ளரிக்கா வெளையுமா?"

ஆறுமுகச்சாமி ஜன்னல் வழியாகத் துப்பினார்.

"பெரிய கப்பல் முதலாளி மாதிரிப் பேசுதாவ. கண்டவனயும் ஏத்தி எறக்குத வேல. நம்ம ஊர்ல ஆடு ஏத்துத வண்டிக்காரன் அவனுக்கு எவ்வளவோ மேலு. ஆடாவது கரையில நிக்கி."

பின் சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். சிரிப்புக் கிடைத்ததும் மருதப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. கோவில்பட்டியில் வண்டி மாறிய இடத்திலும் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களுக்கு அதையே திரும்பச் சொன்னார். பேச்சித்தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தள்ளி நின்றாள். கூடப் பிறந்த குற்றத்துக்கு இன்னும் எத்தனை காலம் இந்த மனுஷனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமோ என்று இருந்தது.

தூத்துக்குடியில் துரைப்பாண்டியின் வீடு சின்னதுதான். ஓட்டு வீடு, வாசலில் கோலம், சுவரில் புதுச் சுண்ணாம்பு. அவன் அம்மா சுப்புத்தாய் தரையைத் துடைத்துப் பாய் விரித்து வைத்திருந்தாள். காபி வந்தது. பேச்சித்தாயும் ஆறுமுகச்சாமியும் முறைப்படி, "இருக்கட்டும், பொறவு குடிச்சுக்கிடுவோம்" என்று பதமாகச் சொன்னார்கள். மருதப்பன் தம்ளரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கூஜாவைத் திருகித் திறந்து, அண்ணாந்து, கடகடவென்று சத்தம் வரக் குடித்தார். சுப்புத்தாயின் முகம் சுண்டிப்போனது. பேச்சித்தாய்க்கு அந்தக் கூஜாவைப் பிடுங்கித் தெருவில் எறியலாமா என்று இருந்தது.

அவர் எழுந்து வீட்டைச் சுற்றி வந்தார். மூக்கை உறிஞ்சினார். கிணற்றை எட்டிப் பார்த்தார். நிலையில் தலை இடித்துக்கொண்டார். அதையும் வீட்டின் குற்றக் கணக்கில் சேர்த்தார்.

"தம்பி எப்பம் வீட்டுக்கு வருவாப்ல?"

சுப்புத்தாய் கள்ளம் இல்லாதவள். "கப்பல் வந்து நின்னா ராத்திரி அங்கனயே படுத்துக்கிடுவான் அண்ணாச்சி. சோறும் அங்கனதான். தூக்குச்சட்டில நான் ஊத்திக் குடுத்துருவேன்" என்றாள்.

மருதப்பனுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று. நடு வீட்டில் நின்றுகொண்டு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கேட்டியாட்டி பேச்சி? திங்கதும் அங்கன, தூங்குததும் அங்கன. அப்பம் இது யாரு வீடு? இந்தம்மா வீடு. அவனுக்குப் படகுதான் வீடு. மச்சான், நீரும் கேட்டுக்கிடும். படகுதான் அவன் வீடு, நான் சொல்லுதேன். நம்ம புள்ளைய எந்த வாசல்ல வெளக்கேத்தச் சொல்லுதிய?"

துரைப்பாண்டி அதுவரை சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். முகத்தில் கோபம் வந்தது தெரிந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, "சரி மாமா. அந்த வீட்டயும் பாத்துட்டுப் போங்க. இன்னிக்குத் தீவுக்கு ஆளு ஏத்துதோம்" என்றான்.

மருதப்பன் ஜென்மத்தில் கடலில் கால் வைத்தது கிடையாது. ஆனால் மாட்டேன் என்று சொன்னால் பயந்துவிட்டதாக ஆகிவிடுமே. "அதயும் பாத்துருவோம்" என்று கூஜாவை எடுத்துக்கொண்டார்.

படகில் லீவுக்கு வந்த குடும்பங்கள் ஏறிக்கொண்டிருந்தன. எஞ்சின் பார்க்கிற ஆதம் காயல்பட்டினத்துக்காரர். வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து ஏற்றி, கனத்தவர்களை நடுவிலும் சின்னப் பிள்ளைகளை அவர்கள் மடியிலும் உட்கார வைத்தார். பேச்சித்தாயும் ஆறுமுகச்சாமியும் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார்கள். மருதப்பன் உட்காரவில்லை. படகின் மூக்குப் பக்கம் ஒரு பலகை காலியாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டார்.

"அங்கன வேண்டாம் அண்ணாச்சி" என்றார் ஆதம். "அது தூக்கித் தூக்கிப் போடும். நடுவுல வந்து இரிங்க."

"எவன்லே என்னைய நடுவுல தள்ளுதது? பஞ்சாயத்துலயும் சரி, கோயில் கொடையிலயும் சரி, எனக்கு முன்னால ஒருத்தன் உக்காந்தது கெடையாது. கண்ட கூட்டத்துக்குள்ள என்னைய இடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லுதியா?"

துரைப்பாண்டியும் வந்து சொன்னான். "மாமா, கரைதாண்டுனா காத்து இருக்கு. முன்பக்கம் ஆட்டும். வண்டி மாதிரி இல்ல."

"நான் பாக்காத வண்டியா?"

அதற்குமேல் யார் என்ன சொல்ல? மரியாதைக்குரியவர் மரியாதைக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்தார். கூஜாவைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, கரையில் நின்றவர்களை ஜமீன்தார் மாதிரிப் பார்த்தார். ஆதம் வாயைப் பொத்திக்கொண்டு எஞ்சினுக்குப் போனார்.

துறைமுகத்துக்குள் இருக்கிறவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. "இம்புட்டுத்தானா" என்று திரும்பிக் கேட்டார். கல் தடுப்பைத் தாண்டி வெளியே வந்ததும் படகின் மூக்கு முதல் தடவை மேலே ஏறிக் கீழே விழுந்தது. நடுவில் இருந்தவர்களுக்கு ஒரு குலுக்கல், அவ்வளவுதான். பிள்ளைகள் கெக்கலித்தன. மருதப்பன் பலகையிலிருந்து எழும்பித் திரும்ப உட்கார்ந்தார். அவர் விரும்பி அல்ல. இரண்டாவது அலைக்குத் துண்டு பறந்தது. மூன்றாவதுக்குக் கூஜா மூடி கழன்று உருண்டது. அதைப் பிடிக்கக் குனிந்தவர் அப்படியே ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். கரிவலம்வந்தநல்லூர்க் கிணற்றுத் தண்ணீர் முழுதும் கடலுக்குப் போயிற்று, வயிற்றில் இருந்ததும் சரி, கூஜாவில் இருந்ததும் சரி.

"எம்மா... பேச்சி... செத்தேன்ட்டி" என்று ஒரு குரல் வந்தது. பஸ்ஸில் ஊரைச் சிரிக்க வைத்த குரல்தானா என்று பேச்சித்தாய் பார்த்தாள். துரைப்பாண்டி தவழ்ந்துபோய் அவரை இரண்டு கக்கத்திலும் பிடித்து இழுத்து வந்து நடுவில் கிடத்தினான். சலவைச் சட்டை முழுக்க நாசம். ஒரு குழந்தை, "மூஞ்சி பச்சையா இருக்கு" என்று தன் அம்மாவிடம் சொன்னது.

தீவில் ஆட்கள் இறங்கிப் போனார்கள். காற்று படாத பக்கமாகப் படகைக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. மருதப்பன் இறங்கவில்லை, கால் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கிடந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து முறுக்குப் பையைத் தேடினார். அது உப்புத் தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தது. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தார்.

"வெறும் வயித்தோட திரும்புனா இன்னும் வாட்டும் மாமா" என்றான் துரைப்பாண்டி. எஞ்சின் பக்கத்திலிருந்து தூக்குச்சட்டியை எடுத்தான். திறந்ததும் பழைய சோற்று வாசனை வந்தது. அவன் அம்மா காலையில் ஊற்றிக் கொடுத்தது. மோர் விட்டு, உப்புப் போட்டு, மேலே நார்த்தங்காய் ஊறுகாய். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். வழக்கம் அவனுக்கும் தெரியும். பேச்சித்தாயைத் திரும்பிப் பார்த்தான்.

அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அண்ணே, யோசிச்சுக்கோ" என்றால் போதும், அந்த மனுஷன் பட்டினி கிடந்தே செத்திருப்பார், அவ்வளவு வீம்பு. அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. கூடப் பிறந்தவன் ஏமாறப் போகிறானே என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. மறுபக்கம் மெஷின்மேல் விழுந்த அந்த உதை நினைவுக்கு வந்தது. ஆறுமுகச்சாமி வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சித்தாய் துரைப்பாண்டியைப் பார்த்து, குடு என்று தலையை ஆட்டினாள். பிறகு கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மருதப்பன் முதலில் சோற்று நீரைக் குடித்தார். பிறகு கையை விட்டார். சட்டி அடியில் சுரண்டுகிற சத்தம் கேட்டது. "நார்த்தங்கா இன்னும் ஒரு துண்டு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது, கொடுத்தான். விரலைச் சூப்பினார். கடல் தண்ணீரில் கை கழுவினார். அந்தப் பையன் அன்றைக்கு மத்தியானம் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதைப் பேச்சித்தாய் மட்டும் கவனித்தாள்.

திரும்புகாலில் நடுவில், ஒரு கிழவிக்கும் தேங்காய் மூட்டைக்கும் இடையே, சொன்னபடி உட்கார்ந்து வந்தார். கரையில் கால் பட்டதும்தான் உயிர் வந்தது. உயிரோடு வாயும் வந்தது. பஸ்ஸில் ஏறியதும், "சரிப்படாது. நாளைக்கு வந்து பேசுதேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சொன்னபடி மறுநாள் காலையில் வந்தார். வேறு சலவைச் சட்டை. பின்னால் வேல்சாமி மோட்டார் சைக்கிளை வாசலில் உறும விட்டு நிறுத்தினான், இறங்கவில்லை. பேச்சித்தாய் ஆறுமுகச்சாமியை முன்கூட்டியே ஆள் அனுப்பிக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தாள். உள் அறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

"மச்சானும் இருக்கது நல்லதாப் போச்சு" என்று மருதப்பன் கட்டிலில் உட்கார்ந்தார். "அந்த உப்புத் தண்ணிக்காரனுக்கு ஆள விட்டு வேண்டாம்னு சொல்லிருவோம். வீட்லயே மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு அலையணும்? வைகாசில நம்ம வேல்சாமிக்கு முடிச்சிருவோம்."

பேச்சித்தாய் எதிரே வந்து நின்றாள். அண்ணன் முன்னால் அவள் இப்படி நிமிர்ந்து நின்றதே கிடையாது.

"அது எப்படிண்ணே முடியும்? நீதான் கை நனைச்சிட்டியே."

"எங்க நனைச்சேன்? அவன் வீட்ல நான் பச்சத்தண்ணி தொடல. இவருதான் சாட்சி."

"படகுல?"

மருதப்பன் சிரித்தார். அதற்கு அவர் தயாராகத்தான் வந்திருந்தார். "கூறுகெட்டவளே. நடுக்கடல்ல மயங்கிக் கெடந்தவனுக்கு ஒரு வா கஞ்சி ஊத்துனா அது சம்பந்தமா? வீட்ல தின்னாத்தான்ட்டி கணக்கு. படகு வீடா?"

பேச்சித்தாய் அவரை விட்டுவிட்டு ஆறுமுகச்சாமியின் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், நீங்களே சொல்லுங்க. அவுக வீட்ல நடு வீட்ல நின்னுக்கிட்டு அண்ணன் உங்களக் கூப்பிட்டு என்ன சொல்லிச்சு?"

ஆறுமுகச்சாமி எழுந்துபோய் வாசலில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். முந்தின நாள் பஸ் ஏறியதிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் பேசியது அப்போதுதான்.

"படகுதான் அவன் வீடு, நீரும் கேட்டுக்கிடும்னு சொன்னீரு. நான் கேட்டுக்கிட்டேன். அந்த வீட்ல, அந்தத் தாயி ஆக்குன சோத்த, கைய விட்டுத் தின்னீரு. ஊறுகாயும் கேட்டு வாங்குனீரு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் வே. இல்லன்னு சொல்லணும்னா பனவடலிசத்திரத்துல போயி ஒருக்காச் சொல்லிட்டு வாரும். அந்த வாசல்ல நின்னு சொல்லும். பொறவு நாங்க ஒத்துக்கிடுதோம்."

மருதப்பன் வாயைத் திறந்தார். திறந்தது அப்படியே நின்றது. வாசலில் வேல்சாமி, "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டான். "ஒன் சோலியப் பாத்துட்டுப் போலே" என்று அவன்மேல் விழுந்தார். மோட்டார் சைக்கிள் தெருக் கோடிவரை உறுமிக்கொண்டு போயிற்று.

உள் அறைக் கதவு திறந்தது. ஞானசெல்வி அளவு எடுக்கிற நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. தெருவில் எந்த வாடிக்கைக்காரரிடமும் பேசுகிற குரலில்தான் பேசினாள்.

"எந்திச்சு நில்லுங்க மாமா. கல்யாணத்துக்குத் தாய்மாமன் புதுச் சட்டை போடணும்லா. நானே தச்சுத் தாரேன்."

மருதப்பன் தங்கச்சியைப் பார்த்தார். அவள் முகத்தில் இரக்கம் என்று ஒன்றும் இல்லை. ஆறுமுகச்சாமி அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார் மருதப்பன்.

"கையத் தூக்குங்க" என்றாள் ஞானசெல்வி.

அவர் இரண்டு கையையும் தூக்கினார்.